அண்ணன் சொன்ன ‘ஆகட்டும்’

ரங்கூன் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி, கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த சமயம். சென்னையிலிருந்து போன கப்பலில் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர்தான். திரும்பும் நடைக்கு நம்மவர்கள் நூற்றுக்கணக்கில் மூட்டையோடு காத்திருந்தார்கள். எதையும் எண்ணிப் பார்ப்பது எனக்குச் சிறுவயது முதலே உள்ள வியாதி. கியாக்டடா வட்டாரத்தில், சூலே பகோடாவுக்கு அடுத்த தெருவில் மட்டும் பத்தொன்பது கதவுகளில் பூட்டு. ஒரு பஸ் போனால், அது முனை திரும்பிய பிறகும் அதன் சத்தம் கேட்டது.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அண்ணனை அழைத்துவரப் போனேன். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், பர்மியப் பெண்ணை மணந்து அங்கே போட்டாதாங் பகுதியிலேயே தங்கிவிட்டார். அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. அது முழுக்கப் போவதற்குள் மூத்தவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆனால், புறப்பட்டுப் போகிற இந்தியரை மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அண்ணிக்கோ வெளியேற அனுமதி கிடைக்காது.

முதல் நாள் தேநீர்க் கடையிலேயே கேட்டுவிட்டேன்.

“ஆகட்டும்டா” என்றார்.

“டிக்கெட் எடுத்துடட்டுமா?”

“ஆகட்டும். நீ மொதல்ல லபயே குடி, ஆறிடும்.” தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார். “வந்ததிலேருந்து பூட்டு எண்ணிட்டிருக்கியாமே. சூலேயில புறா நெறைய இருக்கு, நாளைக்குப் போய் அதை எண்ணு.”

கப்பல் நான்கு நாள் நின்றது. நான் டிக்கெட்டுக்கும் முத்திரைக்கும் அலைந்தேன். மூன்றாம் நாள் அண்ணன் கூரைக்குப் புதுக் கீற்று வாங்கி வந்து, மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும் என்று ஏணி போட்டார். அண்ணி தனியாக இருக்கப்போகிறாளே, அதற்காக என்று நினைத்துக்கொண்டு, கீழே நின்று கீற்றுகளை எண்ணிக் கொடுத்தேன்.

புறப்படும் நாள், அண்ணனும் அண்ணியும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு பிரம்புப் பெட்டியோடு துறைக்கு வந்தார்கள். அண்ணன் வீட்டில் கட்டும் லுங்கியிலேயே இருந்தார். பெட்டியை என் காலருகே வைத்தார்.

“கம்பளி இருக்கு. அம்மாவுக்கு.”

“உங்க சாமான் எங்கே?”

அவர் ஆற்றைப் பார்த்தார். பதில் அண்ணியிடமிருந்து வந்தது.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. மாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்ல அவருக்கு ஆனாடே.”

எதிரே இருப்பவர் மனம் நோகுமே என்று கூசுவதற்கு அந்த ஊரில் வழங்கும் சொல் அது. அங்கே மறுக்கிறவர்கள் ஆகட்டும் என்பார்கள். பிறகு பேசாமல் இருந்துவிடுவார்கள். கேட்டவன்தான் புரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருஷத்தில் அண்ணனுக்கும் அது படிந்துபோயிருக்கிறது. எனக்கு அவர் பழைய அண்ணன்தான்; சரி என்றால் சரி. அந்த நான்கு நாளில் ஒரு பொழுதாவது அவரோடு சும்மா உட்கார்ந்திருக்கலாம். அலுவலக வாசல்களில் நின்று கழித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கம்பளியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“வரேன்னானா?”

“ஆகட்டும்னு சொன்னார்மா.”

அவள் முகம் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள். அண்ணன் வந்ததும் போர்த்திக்கொள்ளலாம் என்று, கம்பளியைக் கடைசிவரை பிரிக்கவே இல்லை.