நடு ஸ்பீக்கருக்குத் தொண்டை

போன வாரம் என் மகன் ஒரு சவுண்ட்பார், அதாவது டி.வி.க்கு அடியில் வைக்கிற நீட்டு ஸ்பீக்கர், வாங்கினான். வாங்கினான் என்றால், ஊரப்பாக்கம் ஃபிளாட்டின் சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு கையில் முறுக்கை வைத்துத் தின்றபடி, மறு கையின் கட்டை விரலால் வாங்கினான். முன்பின் தெரியாத நாற்பது பேர் 'சூப்பர்' என்று எழுதியிருந்தார்களாம், அது போதாதா? மறுநாள் மதியமே பெட்டி வந்துவிட்டது. அதைப் பிரித்ததும் ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள், புது தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. எனக்கு உடனே மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையின் டெமோ ரூம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் அந்த மாதிரி அறையில் உட்கார்ந்திருக்கிறீர்களா? சுவர் முழுக்கச் சிவப்புக் கம்பளம், காற்று வர வழி கிடையாது, உள்ளே போனால் ஸ்பீக்கர் வாங்காமல் வெளியே வரவும் வழி கிடையாது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களைப் பிடித்து ஆட்டிய ஜுரத்துக்கு ஹோம் தியேட்டர் என்று பெயர். அப்போது நாங்கள் செம்பாக்கத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். தெருவுக்குத் தார் கிடையாது. மழை பெய்தால் ஏரி எங்கே முடிகிறது, தெரு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஏரிக்கே தெரியாது. குடிக்கிற தண்ணீருக்கு லாரி வர வேண்டும். ஆனால் மூன்றாவது வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும், பானை மாதிரி தரையில் உட்கார்ந்து உறுமும் சப்வூஃபர் ஒன்றும் வந்து இறங்கிவிட்டன. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டு பேருடைய தீபாவளி போனஸையும் சேர்த்தால் எட்டாயிரம் தேறும். வாஷிங் மெஷினா, ஹோம் தியேட்டரா என்று வீட்டில் முறைப்படி வாக்கெடுப்பு நடந்தது. ஆளுக்கொரு ஓட்டு, சமநிலை. அப்புறம் குடும்பத் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு என்று அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. எனக்கும் உள்ளூர வருத்தமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் என்றால், உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் ஸ்பீக்கர். இந்த ஒரு விஷயத்திலாவது என் பேச்சு எடுபடும் என்று நினைத்தேன்.

தற்பெருமை என்று நினைக்காதீர்கள், அதுதான் என் வேலை. சானடோரியம் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் ஸ்பீக்கர் செய்தார்கள். கோந்து நாற்றத்தில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒட்டுவார்கள். வரிசையின் கடைசியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் நான். ஒட்டி முடித்த ஒவ்வொரு ஸ்பீக்கரையும் மெஷினில் வைத்தால், அடிவயிற்றுச் சத்தத்தில் ஆரம்பித்து உச்சிக்குப் போகும் ஒரு ஊளை இரண்டு நொடி கேட்கும். நல்ல பீஸ் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே கம்பிச்சுருள் எங்கேயாவது உரசினால், ஊளைக்கு அடியில் மெல்லிசாக ஒரு கொரகொரப்பு. எங்கள் வரிசையில் அதற்குத் 'தொண்டை' என்று பெயர். தொண்டை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். நான் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கரை மேனேஜர்கூடக் கிழித்ததில்லை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. நாள் பூராவும் குறை கேட்டுப் பழகிய காது சாயங்காலம் ஐந்தரைக்கு வேலையை நிறுத்துவதில்லை. ரயிலில் ஃபேன் கரகரப்பது கேட்கும், கோயில் ஒலிபெருக்கியில் எது கிழிந்திருக்கிறது என்று கேட்கும். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எங்கள் பக்கத்து ஆட்களெல்லாம் கண் கலங்கி நின்றார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் இருந்ததைப் பார்த்து மாமியார் வீட்டில் எவ்வளவு அடக்கம் என்று மெச்சினார்களாம். உண்மையில் நான், மண்டபத்தின் இடது பக்க ஸ்பீக்கரில் தொண்டை இருக்கிறதே, ஒருவரும் கவனிக்கவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போனோம். டெமோ ரூமின் நட்டநடுவில் ஒரு சுழல் நாற்காலி. கடைக்காரர் அதை ஒரு துணியால் தட்டி, என் வீட்டுக்காரரை உட்கார வைத்தார். எனக்குக் கதவோரம், அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பை, குடை, பெண்சாதி எல்லாவற்றையும் வைக்கும் இடம் அதுதான் போலிருக்கிறது.

"சார், அசையாம ஒக்காருங்க. இப்ப பாருங்க, எலிகாப்டர் உங்க மண்டைக்கு மேலயே சுத்திகினு வரும்."

சுற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் தாம்பரத்தில் ஸ்பீக்கர் வாங்கிய ஒவ்வொருவரும் ஹெலிகாப்டரைத்தான் கேட்டு வாங்கினார்கள். விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது, மொட்டை மாடிக்குப் போனால் காசு கொடுக்காமல் கேட்கலாம். அதைச் சொன்னால் பொல்லாப்பு.

எட்டாயிரத்துக்குள் இரண்டு செட் இருந்தன. ஒன்று மரப்பெட்டி, பார்ப்பதற்கு ரேஷன் கடைத் தராசு மாதிரி அழகு. குரல் மட்டும் சுத்தம். இன்னொன்று வெள்ளி நிறம், ஆளுயரத்தில் பாதி, சத்தம் ஏற ஏற நீல விளக்கு எரியும். "ஐயாயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ. சார்" என்றார் கடைக்காரர். பி.எம்.பி.ஓ. என்பது மாநாட்டுக்குப் பத்து லட்சம் பேர் வந்தார்கள் என்று மேடையில் சொல்வார்களே, அந்தக் கணக்கு. நிஜமாகவே ஐயாயிரம் வாட்ஸ் வந்தால் செம்பாக்கம் டிரான்ஸ்பார்மர் தாங்காது. என் வீட்டுக்காரர் அந்த நீல விளக்கைப் பார்த்த மாதிரி, பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னைப் பார்க்கவில்லை.

நான் ஸ்டூலிலிருந்து சொன்னேன். "அண்ணா, சத்தத்தைக் குறைச்சு, ஆம்பளைங்க பேசற சீன் ஒண்ணு போடுங்களேன்."

கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அனுமதி கேட்கிற மாதிரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும் வெள்ளி செட்டில் போட்டார். கனத்த குரலில் ஒருவன் யாரையோ மிரட்டினான். ஐந்து ஸ்பீக்கரில் நடுவில் இருப்பதுதான் பேச்சுக்கு உரியது. அந்த நடு ஸ்பீக்கரில், குரலுக்கு அடியில், இருந்தது. எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"ஏங்க, நடு ஸ்பீக்கர்ல தொண்டை இருக்குங்க."

"தொண்டையா? இன்னாம்மா இது, ஸ்பீக்கருக்கு தொண்டை, மூக்கு எல்லாம் கீதா?" கடைக்காரர் சிரித்தார். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். "அது ரூம் எக்கோம்மா. வூட்ல வெச்சா சுத்தமாய்டும்."

"வேற பீஸ் குடுங்கண்ணா."

"இதான் கடைசி பீஸ். டிஸ்ப்ளே பீஸுன்னா நாங்களே செக் பண்ணி வெச்ச பீஸு."

"நான் ஸ்பீக்கர் கம்பெனிலதாண்ணா வேலை செய்யறேன்."

அவர் மறுபடியும் என் வீட்டுக்காரரிடமே கேட்டார். "அப்படியா சார்? பேக்கிங்லயா?"

இங்கேதான் நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். 'இல்லைங்க, டெஸ்டிங்' என்று சொல்ல அரை நொடிகூட ஆகாது. அவருக்கு என் வேலை தெரியும், கல்யாணத்துக்கு முன்பே பெருமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். ஆனால் அவர் நாற்காலியில் அரைச்சுற்று சுற்றி, "ம்" என்றார். பிறகு என்னிடம், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். பிறகு அவரும் சிரித்தார். கடைக்காரர் சிரித்தது எனக்கு அன்று மாலையே மறந்துவிட்டது. இவர் சிரித்ததுதான் வருஷக்கணக்கில் உறுத்தியது.

வெள்ளி செட் ஷேர் ஆட்டோவில் செம்பாக்கம் வந்து சேர்ந்தது. நடு ஸ்பீக்கர் என் மடியில்.

வீட்டில் மாட்டும்போதுதான் அடுத்த கூத்து. எங்கள் ஹாலின் பின்பக்க இடது மூலையில் சுவரே கிடையாது, சமையலறை வாசல் இருந்தது. சாஸ்திரப்படி அங்கே ஒரு ஸ்பீக்கர் வந்தாக வேண்டும். அவர் யோசித்து, அதைச் சமையலறை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவே எங்கள் ஹாலில் கூடும். சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்த கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர்கூட இடைவேளை வரை பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுத்தான் போனார். அத்தனை பேருக்கும் பஜ்ஜி போட்டுக்கொண்டு நான் அலமாரி ஸ்பீக்கரில் படம் கேட்டேன்.

பின்பக்க ஸ்பீக்கரில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? மழை வரும். காக்கா வரும். கூட்டம் கைதட்டும். எங்கேயோ ஒரு கதவு சாத்தும். பேச்சு மட்டும் வராது. நான் கேட்ட படங்களில் கதாநாயகனே கிடையாது, அவன் நனைந்த மழை மட்டும்தான் உண்டு. ஊரே பார்த்து அழுத ஒரு படம் எனக்கு இன்றைக்கும் ஒரு நாய்க் குரைப்பும் இரண்டு இடியும்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த அலமாரி ஸ்பீக்கர் பழுதில்லாத பீஸ். ஹாலில் மரியாதையாக உட்கார்ந்திருந்தவர்கள்தான் தொண்டை கட்டிய கதாநாயகனைக் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. பஜ்ஜித் தட்டோடு ஹாலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்தது.

மறுபடியும் சொல்லாமல் இல்லை. ஒரு நாள் அவர் ஆபீஸ் போன பிறகு நடு ஸ்பீக்கரைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். எங்கள் கூண்டு வைத்தியம் அது. சுருள் கொஞ்சம் நகர்ந்து உரசல் குறையும். குறைந்தது. சாயங்காலம் வந்தவர் பார்த்தார். "யாரு இதைத் திருப்பினது? பேரு தலைகீழா தெரியுது பாரு" என்று நேராக்கிவிட்டார்.

"தொண்டை குறையுதுங்க."

"வாஷிங் மெஷின் வாங்கலைன்னு கோவம் உனக்கு. நேரா சொல்லேன்."

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. அடுத்த வருஷம் வாஷிங் மெஷின் வந்தது. பிள்ளை பிறந்தான். நான் வேலைக்குப் போவது நின்றது. கொஞ்ச காலம் கழித்துக் கம்பெனியும் எங்கேயோ இடம் மாறிப் போனது. கூண்டில் எனக்குப் பிறகு யாரோ ஒரு பெண் உட்கார்ந்தாள் என்று கேள்வி, அப்புறம் அதையும் கம்ப்யூட்டரே கேட்டுக்கொள்கிறதாம். தாம்பரத்துக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

சவுண்ட்பார் வந்த அன்று மகன் வெள்ளி செட்டைப் பரணிலிருந்து இறக்கினான். ஓடுகிறது என்று காட்டினால் பழைய சாமான்காரர் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுப்பாராம். வயரைச் சொருகிப் பழைய படம் ஒன்றை ஓடவிட்டான். கனத்த குரலில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தார். தலையைச் சாய்த்தார். எழுந்து வந்து நடு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"டேய், இதுல கொரகொரன்னு வருதுடா."

"ஆமாப்பா, நல்லாவே வருது."

அவர் என்னைப் பார்த்தார். "ஏய், இதைத்தானே நீ அன்னிக்குக் கடையில சொன்ன? கரெக்டாத்தான் சொல்லியிருக்க. நான்தான் கேக்கல."

இந்த ஒரு வசனத்துக்கு இருபது வருஷமாக எத்தனை பதில் தயாராக வைத்திருந்தேன் தெரியுமா? பாத்திரம் கழுவும்போது ஒன்று, துணி காயப்போடும்போது ஒன்று. எல்லாமே நறுக்கென்று இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ராஜ தோரணையில் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தேன். கேட்டேன். குரல் வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் கிட்டப் போனேன். கன்னம் ஸ்பீக்கரின் முகத்துத் துணியில் படுகிற அளவுக்குப் போனேன். எங்கள் கூண்டில் என்றால் யோசிக்காமல் நல்ல பீஸ் பெட்டியில் போட்டிருப்பேன்.

"எனக்குத் தெரியலைங்க. சுத்தமா இருக்கு."

அவர் சிரித்தார். "இன்னும் கோவம் போகலையா? அதுக்கப்புறம் மூணு வாஷிங் மெஷின் வாங்கியாச்சேம்மா."

"நெஜமாவே கேக்கலைங்க."

"பாருடா, உங்கம்மாவுக்கு எவ்ளோ ரோஷம்!" என்றார் மகனிடம். அவனும் சிரித்தான்.

நான் எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டேன். அழுகை வந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. இந்த வருஷம் கொசுவின் சத்தமே இல்லையே, ஊரப்பாக்கத்தில் மருந்து அடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கடித்த தடிப்பு மட்டும் கையெல்லாம் இருந்தது. அந்தக் காது என்றைக்குப் போனதோ, ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறது. எனக்கென்று இருந்த ஒரே கெட்டிக்காரத்தனம் அது. அது இருந்தபோது அவர் நம்பவில்லை. போய்விட்டது என்று சொல்கிறேன், அதையும் நம்பமாட்டேன் என்கிறார்.