கணக்கில் வராத விரதம்

எங்கள் வாசிகசாலையின் விதிக்கோவையான யாப்பில் மூன்றாம் பிரிவு இது: சாதி, சமய வேறுபாடின்றி ஊரில் வசிக்கும் எவரும் மண்டபத்தையும் கிணற்றையும் பாவிக்கலாம். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் காலமெல்லாம் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். இதைவிடத் தெளிவான விதியைக் கண்டதில்லை.

எண்பத்தாறில், ஷெல்லுக்குப் பயந்து குருநகரிலிருந்து மருதனார்மடத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு இடம்பெயர்ந்து வந்த கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பிள்ளை றீற்றா, பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் இருந்தாள். ஒரே சைக்கிளில் போய், ஒரே மாங்காயைக் கடித்து, ஒரு தவணைக்குள் ஒட்டிக்கொண்டோம். பங்குனி வெயிலில் ஒருநாள் வாசிகசாலைக் கிணற்றில் தண்ணீர் அள்ள அவள் வாளியைத் தொட்டதும், செயலாளர் எழுந்து வந்தார்.

“வாளியை வை, பிள்ளை. மச்சம் புழங்கிற கை. இது விரதகாரர் அள்ளுற கிணறு.”

மீனையும் இறைச்சியையும் நாங்கள் ‘மச்சம்’ என்போம். வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் அது மணக்காத சைவ வீடு எங்களூரில் அருமை. செயலாளரின் கையிலேயே மத்தியானத்துக் கணவாய்க் கறி மணந்தது. றீற்றாவோ ஈஸ்டருக்கு முந்திய நாற்பதுநாள் தவசுகாலம் தொடங்கிய நாள்முதல் மீன்துண்டு வாயில் வைக்காதவள்.

“எங்களுக்கும் இப்ப விரதம்தான், மாமா. நான் மச்சம் தொட்டுக் கனநாள்.”

“உவையின்ரை விரதம் கணக்கிலை வராது.”

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அள்ளி ஊற்றப்போனேன், அவள் கையேந்தவில்லை. கயிற்றை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டுப் போனவள், பிறகு எங்கள் ஒழுங்கைப் பக்கம் வரவேயில்லை.

இப்போது பாரிசில் இருக்கும் றீற்றா, பெரிய நடிகரோ கொம்பனியோ இல்லாமல், எங்கள் நட்பையும் அந்தக் கிணற்றடியையும் ஒரு படமாக எடுத்து, இந்த ஆண்டு லீவில் கொண்டுவந்தாள். அதே வாசிகசாலை மண்டபத்தில், அதே சனத்துக்கு முன்னால், தானும் இருந்து அதைக் காட்டவேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. மூன்றாம் பிரிவைச் சுட்டி அவள் பெயரில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பிறகு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். பழைய செயலாளரின் மகன்தான் இன்றைய செயலாளர், பதவியும் முதுசொம்தானே. “ஏன் அக்கா பழசைக் கிண்டுறியள்?” என்று மட்டும் கேட்டார்.

கிணற்றை மூடிவிட்டார்கள், வாளியும் கயிறும் போய்விட்டன. சமய பேதமும் போய்விட்டதாக ஆண்டுவிழாதோறும் பேசுகிறார்கள்.

பதிலும் வந்தது. மண்டபம் தரத் தடையில்லையாம். விண்ணப்பதாரி நேரில் வந்து கையொப்பமிட வேண்டுமாம். அது என் கைக்குக் கிடைத்தது தவசுகாலம் முடிகிற பெரிய வியாழனன்று, றீற்றா விமானமேறியதற்கு மறுநாள்.