டெல்பின் வாங்கிய அச்சாரம்

லூர்தம்மாள்புரத்தில் ரெக்சன் வீட்டுக்கு நல்ல மீன் வரும். ஆனால் அந்த வீட்டு அடுப்பில் நல்ல மீன் வேகாது. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்களுக்குக் கூலிப் பங்கு தனி. அதற்கு மேல், வீட்டுக் குழம்புக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் மீன் கொடுத்து அனுப்புவார்கள். ரெக்சன் கொண்டுவரும் பையில் விளமீனோ ஊளியோ இருந்தால், அவன் மனைவி டெல்பின் அதை ஐஸில் போட்டு வைத்துக் காலையில் தெருவிலேயே விற்றுவிடுவாள். நூற்றைம்பது ரூபாய்க்குப் போனால், நாற்பது ரூபாய்க்குச் சாளை வாங்கிக் குழம்பு வைப்பாள். மீதி நூற்றுப்பத்து ஒரு தகர டப்பாவுக்குள் போகும்.

"கடல்ல புடிக்கது நான். திங்கது எவன் எவனோ. எனக்கு மட்டும் சாளை," என்பான் ரெக்சன்.

"சாளையிலதான் சத்து சாஸ்தின்னு டயானா சொன்னா."

"அவ நர்சுக்குப் படிக்கா. அவ புஸ்தகத்துல விளமீனப் பத்தி ஒண்ணும் எழுதலியாக்கும்?"

சொல்லிவிட்டு மூன்றாவது முறையும் சோறு வாங்கிச் சாப்பிடுவான். டெல்பினின் சாளைக் குழம்பைக் குறை சொல்ல அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

இந்த ஏற்பாடு தொடங்கிய நாள் 2023 செப்டம்பர் 2, சனிக்கிழமை. அன்றுதான் டெல்பின் தன் கணவனிடம், "கஸ்பார் அண்ணாச்சிட்ட நாம எவ்வளவு வாங்கியிருக்கோம்?" என்று கேட்டாள்.

ரெக்சன் தலையைச் சொறிந்தான். "ஒரு லெச்சம் இருக்கும்."

"இருக்கும்னா? இருக்கா, இல்லையா?"

கஸ்பார் அண்ணாச்சி அவன் வேலை பார்க்கும் படகின் முதலாளி. வீட்டுக் கூரை மாற்ற, ரெக்சனின் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் செய்ய, மகள் டயானாவைச் செவிலியர் படிப்பில் சேர்க்க என்று நாலு வருஷத்தில் பல தடவையாக அவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார்கள். அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது. ஆனால் அது தீரும்வரை வேறு படகில் ஏற முடியாது. டெல்பின் அன்றைக்கே படகுக் கணக்கப்பிள்ளை கிருபையிடம் போய் உட்கார்ந்து, தேதிவாரியாக எழுதி வாங்கி வந்தாள். ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு.

டெல்பினின் அப்பா துறைமுகத்தில் கப்பலுக்கு ஏறும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலையில் இருந்தவர். எண்ணாமல் எதையும் கையில் வாங்கக் கூடாது என்பது அந்த வீட்டுப் பழக்கம். மகளும் அப்படியே வளர்ந்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாகியும், மீனவர் வீட்டுக் கணக்கு அவளுக்குப் பிடிபட்ட அளவுக்குக் கடல் தொழிலின் முறைகள் பிடிபடவில்லை. பின்னால் நடந்த கூத்துக்கு அதுதான் காரணம்.

அவள் போட்ட திட்டம் எளிது. சனிக்கிழமைதோறும் பங்கு பிரிக்கும்போது, பணம் ரெக்சன் கைக்கு வருமுன்பே இரண்டாயிரத்தைக் கிருபை அட்வான்ஸில் கழித்துவிட வேண்டும். கைக்கு வந்த பணம் கடனுக்குத் திரும்பிப் போகாது என்பது அவளுக்குத் தெரியும். மிச்சத்தில்தான் வீடு. அவளுடைய தையல் வருமானத்தில் மளிகை. டயானாவின் ஃபீஸுக்கு ஒரு சீட்டு. குழம்பு மீன் காசு டப்பாவுக்கு. டப்பாவை எதற்காகவும் திறக்கக் கூடாது.

நடுவில் வந்த 2024 மீன்பிடித் தடைக்காலம் போக, 2025 ஏப்ரல் 12 வரை எழுபத்தாறு சனிக்கிழமைகள். வெள்ளம், புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்று பதினைந்து வாரம் படகு போகவில்லை. மற்ற அறுபத்தொரு வாரமும் இரண்டாயிரம் தவறாமல் கழிந்தது. பாக்கி இருபத்தோராயிரத்து ஐந்நூறு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கும், வரும்படி நிற்கும். அந்த நேரம் பார்த்து ஒரு நல்ல செய்தி வந்தது. பிளாரன்ஸ் என்ற அம்மாளின் படகுக்கு டிரைவர் தேவை. ரெக்சனுக்குப் படகு ஓட்டத் தெரியும். கஸ்பார் படகிலோ அவருடைய மருமகனே டிரைவர்; அங்கே ரெக்சன் கடைசிவரை வலையாள்தான். வலையாளுக்கு ஒரு பங்கு, டிரைவருக்கு இரண்டு.

பிளாரன்ஸ் கறாராகச் சொன்னார்: "சனிக்கெழம, பதினாலாந்தேதிக்குள்ள பாக்கி இல்லன்னு கஸ்பார் கையெழுத்துப் போட்ட சீட்டோட வா. வந்தா நீ. இல்லன்னா வேற ஆளு."

டெல்பின் நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். தடைக்கால நிவாரணம் 8,000. டப்பாவை ஒரு வழியாகத் திறந்து எண்ணியதில் 7,600. கஸ்பாருக்கு ரெக்சன் ஏழு நாள் வலை தைத்த கூலி வர வேண்டியது 4,900. ஆக 20,500. ஆயிரம் ரூபாய் குறைந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் என்று அவள் தைத்த யூனிஃபார்ம் காசெல்லாம் இரண்டு மாதச் சாப்பாட்டுக்கே சரியாகப் போயிருந்தது.

ஜூன் 9, திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கிருபை சைக்கிளில் வந்து ஒரு கவரை நீட்டினான். டெல்பின் அவன் எதிரிலேயே எண்ணினாள். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று.

"கூலி நாலாயிரத்துத் தொள்ளாயிரம்லா? ஆயிரத்தொண்ணு கூட இருக்கே தம்பி?"

"அது அண்ணாச்சி பிரியமாக் குடுத்துவிட்டது. வச்சுக்கோங்கக்கா."

"நெசமாவா?"

"எல்லா வீட்டுக்கும் குடுத்துருக்காவ."

டெல்பினுக்கு மாதாவே கொடுத்தனுப்பியது போலிருந்தது. குறைந்தது ஆயிரம், வந்தது ஆயிரத்தொன்று. கிருபைக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, வரவுப் பக்கத்தில் "கஸ்பார் அண்ணாச்சி அன்பளிப்பு 1,001" என்று அழகாக எழுதினாள். கீழே, "எல்லாம் போக மீதி 1" என்றும் எழுதினாள். அந்த ஒன்றைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மத்தியானம் ரெக்சன் வந்ததும் நோட்டைக் காட்டினாள். அவன் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஏளா, இது அன்பளிப்பு இல்ல. அச்சாரம்."

"என்ன அச்சாரம்?"

"தடை முடியுமுன்ன, இந்த வருசமும் என் படகுக்குத்தான் வரணும்னு முதலாளி ஆளுக்கு ஆயிரத்தொண்ணு குடுப்பாவ. வாங்கிட்டா அடுத்த தடை வரைக்கும் அந்தப் படகுதான். எப்பவும் கடக்கரையில வச்சுத்தான் குடுப்பாவ. போன வருசம் நீ அதையும் வலைக்கூலியிலதான் சேத்து எழுதுன. நான் நாலு நாளா அந்தப் பக்கமே தல காட்டாம சுத்துதேன். அவரு வீட்டுக்குக் குடுத்துவிட்டுட்டாரு பாரு!"

"ஒங்கம்மா கூட எனக்கு இதச் சொல்லலியே!"

"பணம்னா நீ எண்ணித்தான் வாங்குவ. எதுக்குன்னு கேட்டு வாங்க மாட்டியா?"

"கேட்டேங்க! பிரியம்னான்!"

"கஸ்பார் அண்ணாச்சிக்குப் பிரியம்! அதுவும் ஆயிரத்தொரு ரூவாய்க்கு!" கோபத்தில் தொடங்கிய ரெக்சன் பாதியில் சிரித்துவிட்டான். டெல்பினுக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சாரத்தை முறித்தால் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டுமாம். இரண்டாயிரத்து இரண்டு. அதுவும் முதலாளி மனம் வைத்தால்தான். இருபத்தொரு மாதம் நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்த கணக்கு, அவளே எண்ணி வாங்கிய பணத்தில் முட்டி நின்றது.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு, புடவையை மாற்றிக்கொண்டு, நோட்டும் கவருமாக மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள். ரெக்சன் பத்தடி பின்னால் வந்தான். கஸ்பார் அண்ணாச்சி படகுக்குப் பெயிண்ட் அடிப்பதை மேற்பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். படகை ஒட்டிக் கட்டிய சாரத்தின் மேலும் தளத்திலுமாக ஏழெட்டுப் பேர் பிரஷ்ஷோடு இருந்தார்கள்.

"அண்ணாச்சி, இந்த ஆயிரத்தொண்ணு தெரியாம வாங்கிட்டேன். திருப்பி எடுத்துக்கோங்க."

"அச்சாரத்தத் திருப்புனா நல்லாவா இருக்கும்? ரெக்சன் கையி பட்ட வலை தனி. அவன விட்டுட்டு நான் எங்கன போவேன்?"

"அச்சாரம் வாங்குனவுக கடலுக்கு வரணும். அதான முறை?"

"அதான் முறை. அதுல மாத்தம் இல்ல."

"வாங்குனது அவுக இல்லியே. நான்லா? கிருபையக் கேளுங்க. என் கையிலதான் குடுத்தான்."

"சரி, அதுக்கு?"

"அப்ப தடை முடிஞ்சு திங்கக்கெழம நான் வாரேன். அஞ்சு மணிக்கா, நாலரைக்கா?"

சாரத்தில் பிரஷ் நின்றது.

"என்னளா வெளயாடுத?"

"வெளையாட்டு இல்ல அண்ணாச்சி. வலை இழுக்கத்தான் தெரியாது. கணக்கெழுதத் தெரியும். டீசல் எத்தன லிட்டரு போட்டோம், ஐஸ் எத்தன பெட்டி, மீனு எத்தன கிலோ, ஏலத்துல என்ன வெல, எல்லாத்தையும் நேரத்தோட எழுதிருவேன். சனிக்கெழம பங்கு வைக்கும்போது எல்லாருக்கும் சத்தமா வாசிச்சும் காட்டிருவேன்."

முதலில் தளத்திலிருந்து ஒருவன், "அண்ணாச்சி, அக்காவ மொதல்ல ஏத்துங்க! எங்கள வேணும்னா அப்புறம் பாத்துக்கிடலாம்!" என்றான். இன்னொருவன், "டீசல்ல இருந்து ஆரம்பிங்கக்கா!" என்று கத்தினான். பெயிண்ட் டப்பா உருளும்படி சிரித்தார்கள். கிருபை மட்டும் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஏதோ அவசர வேலையாகப் போய்விட்டான்.

கஸ்பார் அண்ணாச்சி நாற்காலியில் நெளிந்தார். கெட்ட மனிதரில்லை, ஆனால் டீசல் கணக்கைச் சத்தமாகக் கேட்க விரும்பும் படகு முதலாளி அந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை. கவருக்காகக் கையை நீட்டினார்.

"குடு இங்கன. கிருபைய அனுப்புனது என் தப்பு."

"இரட்டிப்பு?"

"ஒண்ணும் வேண்டாம். இரட்டிப்பு வாங்குனா அதுக்கும் நீ ரசீது கேப்ப." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "ஆனா அட்வான்ஸ் பாக்கியில ஒத்த ரூவா கொறையப்படாது. சனிக்கெழம மத்தியானம் பன்னெண்டு மணி. அதுக்குப் பெறவு சீட்டு கெடையாது."

திரும்பி வரும்போது ரெக்சன் பெருமையில் நடந்தான். "ஏளா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்." டெல்பின் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பழையபடி ஆயிரம் குறைந்தது.

"எங்க சித்தப்பா மவன்ட்ட கைமாத்தா வாங்குவமா?"

"கூடாது. கடன அடைக்க இன்னொரு கடனா? செப்டம்பர் ரெண்டாந்தேதி என்ன பேசுனோம்?"

செவ்வாய் போனது. புதன் போனது. பழைய பேப்பர் போட்டதில் வந்த எண்பத்தாறு ரூபாய் பாலுக்குச் சரியாகப் போனது. வியாழன் காலை, டெல்பின் தன் தையல் மிஷினைத் துடைத்துக்கொண்டே, "இத அடகு வச்சா எவ்வளவு தருவாவ?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். ரெக்சன் பல் தேய்ப்பதை நிறுத்தினான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"இசக்கிராஜாட்ட கொஞ்சம் பணம் கெடக்கு."

"எந்த இசக்கிராஜா?"

"பரோட்டாக்கடை."

"பரோட்டாக் கடையில ஒங்க பணம் எதுக்குக் கெடக்கு?"

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பிப்ரவரி 20 அன்று வலையில் கணவாய் மீன் நிறையப் பட்டதில், கஸ்பார் அண்ணாச்சி சந்தோஷத்தில் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு கையில் கொடுத்தார். அது சனிக்கிழமைப் பங்கில் வரவில்லை. டெல்பினின் நோட்டிலும் வரவில்லை. வீட்டில் வைத்தால் எண்ணிவிடுவாள் என்று, ரெக்சன் அதை அப்படியே இசக்கிராஜாவிடம் கொடுத்து வைத்திருந்தான். நினைத்தபோது போய்ப் பொரிச்ச பரோட்டா சாப்பிட.

டெல்பின் துடைத்த துணியைக் கீழே வைத்தாள். "நீங்க, பரோட்டாக் கடைக்கு, அட்வான்ஸ் குடுத்துருக்கீக."

"ஒரு தடவதாம்ளா தின்னேன். ரெண்டாந்தடவ போகும்போது ஒன் மொகம் ஞாபகம் வந்துட்டு. சால்னா எறங்கல."

டெல்பின் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தாள். முடியவில்லை. மிஷின் மேல் கவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஊரெல்லாம் முதலாளி ஆளைப் பிடித்து வைக்க அட்வான்ஸ் கொடுக்கிறான். இவள் வீட்டுக்காரன் பரோட்டாவைப் பிடித்து வைக்கக் கொடுத்திருக்கிறான்.

இசக்கிராஜா நேர்மையானவர். சாப்பிட்ட நூற்று நாற்பது போக ஆயிரத்து அறுபதை எடுத்துக் கொடுத்துவிட்டு, ரெக்சனைப் பார்த்து, "அண்ணாச்சி, நான் வட்டி போடலாம்னு இருந்தேன், ரெண்டு ஆம்லெட்டு," என்றார். டெல்பின் அதற்குள் படி இறங்கிவிட்டாள்.

ஜூன் 14, சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு இருபத்தோராயிரத்து ஐந்நூறையும் கஸ்பார் அண்ணாச்சியின் மேசையில் எண்ணி வைத்தாள். அவர் எண்ணவில்லை. "நீ எண்ணுனதுக்கு மேல நான் என்ன எண்ண?" என்று சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாக்கி தீர்ந்ததுன்னு இருக்கு. முழுசும்னு ஒரு வார்த்த சேத்துருங்க அண்ணாச்சி. தேதியும் போடல."

அவர் இரண்டையும் சேர்த்தார். "ஏலே ரெக்சா," என்றார், வாசலில் நின்றவனைப் பார்த்து, "நீ அங்கன போயும் தப்பிக்க முடியாதுலே. முதலாளி இவதான்." பிறகு எழுந்து வந்து அவன் தோளைத் தட்டி, "நல்லா ஓட்டு," என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு இருவரும் பிளாரன்ஸ் வீட்டில் இருந்தார்கள். அவர் கண்ணாடி போட்டுச் சீட்டைப் படித்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போய், ஒரு கட்டு நோட்டோடு வந்தார்.

"புது டிரைவருக்கு அம்பதாயிரம் அட்வான்ஸ் குடுக்கது எங்க வழக்கம். புடி தம்பி. மெதுவாக் கழிச்சுக்கிடலாம்."

ரெக்சனின் வலது கை தானாக ஒரு சாண் நீண்டது. பக்கத்தில் டெல்பின் மூச்சுகூடப் பலமாக விடவில்லை. அவன் அந்தக் கையை இழுத்து, இடது கையோடு சேர்த்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம்க்கா."

"ஏன், கொறைவா இருக்கா?"

"கொறைவு இல்ல. அடைச்சு முடிச்சு இன்னும் ஒரு மணி நேரங்கூட ஆவல. கொஞ்ச நாளு சும்மா இருந்து பாக்குதேன், எப்படி இருக்குன்னு."

பிளாரன்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை மட்டும் உருவி, ஒரு ரூபாய் நாணயத்தைத் தேடி எடுத்து மேலே வைத்து, டெல்பினிடம் நீட்டினார்.

"அச்சாரமாவது வாங்கிக்கோம்மா."

"ஐயோ, நான் வாங்க மாட்டேன்!" டெல்பின் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "கடலுக்குப் போறது அவுக. அவுக கையிலயே குடுங்க."

ரெக்சன் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து, முன்னால் நீட்டி, வாங்கி, நிதானமாக எண்ணினான்.