பதினாறு மணி நேரம் தூங்க வேண்டிய பிள்ளை

இன்று அமாவாசை. சின்னாளப்பட்டியில் ஒரு தறியும் ஓடவில்லை. பிறந்து மூன்று மாதமான என் மகளும் கண் மூடவில்லை.

காலையிலிருந்து ஓயாத அழுகை. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நர்ஸம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நோய் ஒண்ணுமில்லப்பா. தூக்கந்தான் பத்தல. தொட்டில எங்க கட்டியிருக்க?"

"தறிக்குப் பக்கத்துலம்மா. தறிச் சத்தம் கேட்டாத்தான் தூங்குவா. நிறுத்துனா முழிச்சுக்கிருவா. அமாவாசையன்னைக்குத் தறியில கை வைக்க மாட்டோமே."

அவர் சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டினார். எந்த வயதுக்கு எவ்வளவு தூக்கம் என்று அதில் எழுதியிருந்தது.

"கைப்பிள்ளைக்குப் பதினாறு மணி நேரம். உன் வயசுக்கு எட்டு. நீ தூங்கி எத்தன நாளாச்சு? கண்ணு இம்புட்டுச் செவந்திருக்கு."

நின்ற இடத்திலேயே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவள் தூங்க, நான் பதினாறு மணி நேரம் தறி ஓட்ட வேண்டும். மிச்சம் சரியாக எட்டு மணி நேரம் எனக்கு.

ஆனால் நான் படுத்தால் தறி நிற்கும். தறி நின்றால் அவள் எழுந்துவிடுவாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகைக்கு இந்தத் தபால் கார்டை எழுதும்போது, கூட வந்த என் மனைவி பெஞ்சுப் பலகையைத் தட்டித் தறிச் சத்தம் போட்டுப் பார்க்கிறாள். பிள்ளை ஏமாறவில்லை. பெஞ்சுக்கு அடியில் என் கால்தான் தானாகத் தறி மிதித்துக்கொண்டிருக்கிறது.

நாளைக்குத் தறி ஓடும், அவள் தூங்கிவிடுவாள். நான் எப்போது தூங்குவது என்று மட்டும் இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்ற யாராவது பதில் கார்டு போடுங்கள்.