எந்தப் ‘ப’?

மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே ‘பேக்கரி’ என்ற பலகையை அக்கா தடுமாறாமல் வாசித்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நண்டுக் கொம்பனி வேலைக்காக எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். ஆங்கில எழுத்தென்றாலே பயம். பிரெஞ்சைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன?

அவளைக் கலியாணம் முடித்துப் பிரான்சுக்குத் திரும்பிய அத்தான் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தால் அக்காவுக்கும் வேலை தருவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தா.

எங்கள் ஊரான அரிப்புக்குத் திரும்பிய அன்றே யூடியூப்பைப் பார்த்து ஒரு கொப்பியை எழுதி நிரப்பினேன். பொன்ஜூர், பியேன், பொன்சுவார். அக்கா ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்தாள்.

“இது எந்தப் ‘ப’? பாணின்ரயோ, பேக்கரியின்ரயோ?”

எனக்கு அடுத்த பாடத்துக்கு ஓட அவசரம். “எல்லாம் பேக்கரிதான். வாசி அக்கா!”

அத்தான் எடுத்த வீடியோ கோலில் முதலாளியம்மா வந்தா. அக்கா பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள். அப்பாவுக்கு என்ன தொழில் என்று அவ கேட்டா. அப்பா பக்கத்தில், கோயிலில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

“இல் வோன் டியூ புவாசோன்.”

மீன் விற்கிறார் என்று அர்த்தம், பாணின் ‘ப’வாக இருந்திருந்தால். அக்கா சொன்னது பேக்கரியின் ‘ப’. முதலாளியம்மா சிரித்தா.

“மாமா குடிவகை விக்கிறார் எண்டெல்லோ சொல்லிப்போட்டீர்!” அத்தானுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. “ஆரப்பா உமக்குப் படிப்பிச்சது?”

நேர்த்தி வைத்துக் குடியை விட்ட அப்பா வெளியே போனார். நான் கமெராவில் படாதபடி ஒதுங்கினேன்.

“நான்தான் பிழையா வாசிச்சிட்டன்” என்றாள் அக்கா. என் பக்கம் பார்க்கவே இல்லை.

பிறகு கொப்பியைத் திருப்பித் தந்தாள். “நீ நல்லாத்தான் படிப்பிச்சனீ. என்ர மண்டையிலதான் ஏறேல்ல. அங்க போய்க் கோப்பை கழுவப் பேச்சு வேணுமே?”

எந்தப் ‘ப’ என்று அவள் அன்று கேட்டது சரியான கேள்வி. அதற்கு ஒரு நிமிஷம் ஒதுக்காதவள் நான். ஊரிலே எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மா திரும்பப் பேசுவாவாம். அக்கா மாட்டேன் என்கிறாள். இன்று பின்னேரம் அத்தானுக்கு நானே கோல் எடுத்து, படிப்பித்தது ஆர் என்று சொல்லப்போகிறேன், அப்பாவுக்கும் கேட்கும்படி. அதன்பிறகு அக்காவிடம் போய் மீனுக்கான அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பார்க்கவேண்டும், கொப்பி இல்லாமல், பேக்கரியின் ‘ப’ என்றால் தொடக்கத்திலேயே அதிரும் தொண்டையில் விரல் வைத்து, அவள் போதும் என்னும்வரை.