பெயர் வேண்டாம், இலக்கம் போதும்

போன மாதம் மகளின் போனுக்கு ஒரு லிங்க் வந்தது. பல்கலைக்கழகத்தில் கம்பியூட்டர் வசதி எப்படி, வைஃபை எப்படி, திருப்தியா இல்லையா — ஒரு கருத்துக் கணிப்பு. பெயர் தேவையில்லை என்று மேலே பெரிதாகப் போட்டிருந்தது. ஆனால் மாணவர் இலக்கத்தைக் கொடுத்தால்தான் உள்ளே போகலாம்!

யுத்த காலத்தில் எங்கள் உரும்பிராய்ப் பக்கம் நிரப்பாத படிவமா? வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே போனார்கள்... எழுதிக் கொடுத்துவிட்டு, அது எந்த மேசைக்குப் போகிறதோ என்று பயந்து கிடந்தவர்கள் நாங்கள். பெயரே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், ஏன் வேண்டாம் என்றுதானே முதலில் தோன்றும்?

மகளோடு படிக்கும் பட்ச் பிள்ளைகளும் எங்களைப் போலப் பயந்த வீட்டுப் பிள்ளைகள்தானே. எல்லாவற்றுக்கும் ‘மிகவும் திருப்தி’ என்று அழுத்தச் சொல்லி வட்ஸ்அப் குழுவில் செய்தி போனதாம். இத்தனைக்கும் அந்தக் கம்பியூட்டர்களைப் போட்டுவிட்டுப் போனால், நாங்கள் ஒரு தேத்தண்ணி குடித்து முடியத்தான் அவை எழும்பும். இறுதியாண்டு ஆய்வுக்கான மென்பொருள் அவற்றில் மட்டும்தான் உண்டு. ஆய்வு முடியாவிட்டால் பட்டம் தள்ளிப் போகும்.

அதனால் என் மகள் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். வேண்டாம் என்றேன்.

“சொன்னாத்தானே அம்மா திருத்துவினம்?” என்றாள். எனக்கோ பயம்தான்.

சில நாளில் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் அவளை அறைக்கு வரச் சொன்னார். பார்த்தீர்களா? பெயரில்லாத கணிப்பில் என் மகளை எப்படிக் கண்டுபிடித்தார்? அன்று அவள் வீடு வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

ஆனால் மனுசன் ஏசவில்லையாம். கதிரை போட்டு இருத்தி, மெதுவாகத்தான் கதைத்தாராம்.

“பிள்ளை, நீர் ஒராள்தான் உள்ளதை எழுதியிருக்கிறீர். மற்ற எல்லாரும் திருப்தி எண்டா, நான் எதைக் காட்டிப் புதுக் கம்பியூட்டர் கேக்கிறது?”

கணிப்பை மறுபடி திறப்பதாகவும், சிநேகிதப் பிள்ளைகளையும் உண்மையை எழுதச் சொல்லும்படியும் கேட்டிருக்கிறார். நல்ல மனுசன்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் அந்த அறையிலிருந்து வெளியே வந்ததை பட்ச் முழுக்கப் பார்த்துவிட்டதே... அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் நம்பவில்லை.

“உன்ரை பேர் பிடிபட்டிட்டுது. எங்கடை பேரும் பிடிபட வேணுமோ?” என்று நெருங்கிய சிநேகிதியே கேட்டாளாம்.

நேற்று இரண்டாவது கணிப்பின் முடிவு வந்தது. எல்லோரும் மிகவும் திருப்தி. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

ஒருவர்கூட என்றால், என் மகளும்தான். கடைசியில் என் பேச்சைக் கேட்டுவிட்டாள் — அதுதான் எனக்குத் தாங்கவில்லை.