கதவில் பதிந்த உப்புக் கை

சென்ற வியாழக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. திரையில் ‘உப்பளம்’ என்று இருந்தது. கன்னியப்பன் அவர்களின் எண்ணை நான் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். எண் வாங்கிய அன்று அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பெயர் தெரிந்த பிறகு மாற்றவும் தோன்றவில்லை. இத்தனை வருடங்களில் அவராக என்னை அழைத்ததே இல்லை. அதனால் வாய் கொப்பளிக்கக்கூட நிற்காமல் எடுத்தேன்.

“வணக்கங்க. அப்பா போன்ல ‘கார் சார்’னு ஒரு நம்பர் இருக்குது. நீங்கதானுங்களா?”

“ஆமாம்மா.”

“அப்பா நேத்து தவறிட்டாருங்க. உப்பு வாரிக்கினு இருந்தவரு, நெஞ்சை அடைக்குதுன்னு வரப்புல குந்தினாரு. அவ்ளோதான். இன்னிக்கு மூணு மணிக்கு எடுக்குறோம். யாருக்குச் சொல்றது, யாரை வுடுறதுன்னு தெரியல. போன்ல இருக்குற எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்கேன்.”

வாயில் பற்பசை நுரையோடு, வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு நான் கார் சார், எனக்கு அவர் உப்பளம். ஒன்பது வருடப் பழக்கத்தின் லட்சணம் அது.

எங்கள் கூடுகைக்கு வருகிறவர்களுக்கு அவர் முகம் தெரிந்திருக்கும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பத்துப் பதினைந்து பழைய கார்கள் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய திடலுக்கு வரும். முழங்கால் வரை தூக்கிக் கட்டிய லுங்கியோடு, கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, கார்களிலிருந்து நாலடி தள்ளி ஒருவர் நிற்பாரே, அவர்தான் கன்னியப்பன். உப்பு வாரும் தொழிலாளி. விடியுமுன்பே பாத்தியில் இறங்கி, எட்டு மணிக்கு மேல் சற்று ஓய்வு கிடைக்கும்போது எங்களைப் பார்க்க வருவார்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி நான் நல்லதாக எதுவும் சொன்னதில்லை. சாவிக்கொத்து தொங்கும் இடுப்போடு வந்து கதவில் சாய்வார்கள். இளநீரைக் குடித்துவிட்டு வெறும் காயைக் காரின் கூரைமேல் வைப்பார்கள். கேட்காமலே கதவைத் திறப்பார்கள், திறந்ததைப் புதுக் காரின் கதவைப்போல ஓங்கி அறைவார்கள். அறுபது வருடக் கதவு அது. ‘மைலேஜ் எவ்ளோ தரும்?’ என்று கேட்காதவர் இல்லை. இதற்கெல்லாம் நான் தாண்டிக் குதிப்பேன். ‘தொடாதீர்! சாயாதீர்! கேட்காமல் திறக்காதீர்!’ என்று மூன்று ஆச்சரியக் குறிகளோடு அட்டை எழுதி முன்கண்ணாடியில் மாட்டியிருந்தேன். “இதைப் படிச்சா தொட்டுப் பாக்கலாம்னு தோணுது சார்,” என்று கன்னியப்பன் பின்னாளில் ஒருமுறை சொன்னார். அந்த அட்டையைக் கழற்றியது அதன் பிறகுதான்.

முதல் சந்திப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. என் மனைவி இறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்த நேரம். பொம்மையார்பாளையத்து வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், அப்பா விட்டுச்சென்ற கருநீலக் காரை எடுத்துக்கொண்டு முதன்முறையாக அந்தத் திடலுக்குப் போயிருந்தேன். காரைச் சுற்றி ஒரே கூட்டம். வெயில் ஏற ஏற, ஓட்டுநர் பக்கக் கதவில் வெள்ளையாக ஒரு கை தெரிந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும் உப்பில் அச்செடுத்தாற்போல் பதிந்திருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். முழங்கை வரை உப்புப் பூத்த ஒரு மனிதர் எதிரே நின்றிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

“அறிவிருக்கா? உப்புக் கையை வெச்சா பெயின்ட் என்னத்துக்கு ஆகும்? பார்க்க வந்தா பார்த்துட்டுப் போக வேண்டியதுதானே?”

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார்கள். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. ஓரடி முன்னால் வந்தார்.

“கிட்ட வரலாங்களா?” என்று கேட்டார்.

நான் முறைத்தேன். அவர் தன் வலது கையை அந்த அச்சுக்கு நேராக, கதவில் படாமல் ஓர் அங்குல இடைவெளியில் பிடித்துக் காட்டினார். அவர் கை பெரியது. சுண்டுவிரல் எப்போதோ அடிபட்டு, நிமிராமல் உள்ளே மடங்கியிருந்தது. கதவில் இருந்த கைக்கு எல்லா விரலும் நேராக இருந்தன.

“இது என் கை இல்லீங்க சார்,” என்றார். அவ்வளவுதான். திரும்பிப் பாத்திப் பக்கம் நடந்துவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வேறு எவனோ என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஈரத்துணியோடு கதவருகே குனிந்தபோதுதான் மெல்ல நினைவுக்கு வந்தது. அன்று காலை கூட்டம் சேருமுன், உப்பளத்தின் ஓரம் காரை நிறுத்தி இறங்கி, பாத்தியில் குனிந்து ஒரு பிடி உப்பை அள்ளிப் பார்த்திருந்தேன். பிறகு அதே ஈரக் கையால் கதவைத் தள்ளிச் சாத்தியிருந்தேன். ஈரமாக இருந்தவரை அச்சு கண்ணுக்குத் தெரியவில்லை. காய்ந்ததும் வெளுத்துவிட்டது. என் கையை வைத்துப் பார்த்தேன். மோதிரத்தின் தடம் உட்பட அப்படியே பொருந்தியது.

அடுத்த மாதம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் வந்தார். நாலடி தள்ளி நின்று, “கிட்ட வரலாங்களா?” என்று கேட்டார். வாங்க என்றேன். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஒன்பது வருடங்கள் அது அங்கேயே நின்றது.

அவர் மற்றவர்களைப்போல மைலேஜ் கேட்டதில்லை. அன்று அவர் கேட்டது இதுதான்: “இந்த வண்டி உங்களை எங்கெங்க நிக்க வெச்சிருக்குது சார்?”

கல்யாணமான புதிதில் இரும்பை என்ற ஊருக்குப் போகும் வழியில் கொட்டும் மழையில் வண்டி நின்றுபோனது. நானும் மனைவியும் மூன்று மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்து, வைத்திருந்த வேர்க்கடலை முழுவதையும் தின்று தீர்த்தோம். அதை அவரிடம் சொன்னேன். அவள் போன பிறகு அவளைப் பற்றி ஒரு மனிதரிடம் நான் பேசியது அதுவே முதல் தடவை. “அப்போ இது நல்ல வண்டிதான்,” என்றார் கன்னியப்பன். அதன் பிறகு மாதம் முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன். பிறரிடம் கார்களைப் பற்றிப் பேசுவேன், அவர் ஒருவரிடம்தான் மற்றதெல்லாம் பேசுவேன்.

நான் கத்திச் சாதிக்காததை அவர் கத்தாமலே சாதித்தார். ஒருமுறை ஒருவர் தம் கைக்குழந்தையை பானெட்மேல் உட்காரவைத்துப் படம் எடுக்கப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியப்பன் குரல் கொடுத்துவிட்டார்.

“ஏம்பா, புள்ளைய அங்க குந்த வெக்காத. வெயில்ல காஞ்சி கிடக்குது, தொடையில சுட்டுடும்.”

அந்த அப்பா பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நன்றி சொன்னார். இன்னொரு நாள் கதவில் சாய்ந்து நின்ற ஓர் இளைஞரிடம், “வெள்ளைச் சட்டை தம்பி, கிரீஸ் ஒட்டிக்கப் போவுது,” என்றார். கதவில் கிரீஸ் எதுவும் இல்லை. பிறகு அவரிடம், “தொடக் கூடாதுன்னு நேரா சொன்னா என்ன?” என்று கேட்டேன்.

“தப்பு பண்ணிட்டான்னு பத்து பேர் முன்னாடி சொல்லிட்டா, அவன் மறுபடி இங்க வர மாட்டான் சார். வண்டியப் பாக்க ஆசப்பட்டுத்தான வந்தான்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அப்படிப் பேச அவருக்குத் தெரியாது.

ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் என் காரைத் தொட்டதில்லை. உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டதும் இல்லை. பார்க்க வருகிறவர் கேட்கக் கூடாது, உடையவர்தான் சொல்ல வேண்டும். நானும் சொல்லவில்லை. இடப்பக்க இருக்கை என் மனைவியுடையது. அதில் வேறு யாரையும் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன்பு அது மாறியது. அன்று அவர் சற்று இளைத்திருந்ததாகத் தெரிந்தது. இடப்பக்கக் கதவைத் திறந்து, “ஏறுங்க, ஒரு சுத்து போய்ட்டு வரலாம். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்,” என்றேன். அவர் இருக்கையைப் பார்த்தார். பிறகு உப்புநீர் சொட்டும் தன் லுங்கியைப் பார்த்தார்.

“இந்தத் துணியோடயா? வேணாம் சார். அடுத்த மாசம் நல்ல துணி கட்டிக்கினு வர்றேன்.”

பரவாயில்லை என்று நான் இன்னொரு தடவை வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை.

அடுத்த மாதம் நான் போகவில்லை. காரணத்தை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். திடலில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடுவதா வேண்டாமா என்று எங்கள் வாட்ஸப் குழுவில் சண்டை நடந்தது. வழக்கம்போல நான் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினேன். ‘நான் இல்லாமல் நடத்திப் பார்க்கட்டும்’ என்று அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வீம்பில் கன்னியப்பன் என் நினைவுக்கு வரவேயில்லை.

வியாழக்கிழமை மதியம் கருநீலக் காரிலேயே போனேன். தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தேன். துக்கத்துக்கு வந்த நாலைந்து பேர் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பானெட்மேல் கையூன்றி நின்றார். அன்று எனக்குக் கோபம் வரவில்லை.

வீட்டு வாசலில் பந்தலின் கீழ் ஐஸ் பெட்டி. எனக்கு அங்கே யாரையும் தெரியாது. மாலையை நீட்டிப் பிடித்தபடி நாலடி தள்ளி நின்றுவிட்டேன். போனில் பேசிய மகள் அமுதா என்னைக் கண்டுபிடித்து அருகில் வந்தார். அழுது ஓய்ந்த குரலில் பேசினார்.

“நீங்கதான் கார் சாருங்களா? கிட்ட வாங்க சார்.”

போனேன். கன்னியப்பன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். அவரை நான் சட்டையோடு பார்த்ததே இல்லை.

“இந்தச் சட்டை உங்களுக்காக எடுத்ததுதான் சார். ‘கார்ல குந்தப் போறேன், அழுக்குத் துணியோட போவக் கூடாது’ன்னு போன மாசக் கூட்டத்துக்கு முந்தின நாளே இஸ்திரி போட்டு வாங்கினாரு. பதினோரு மணி வரைக்கும் திடல்ல நின்னுட்டுத் திரும்பி வந்தாரு. ‘ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதாப்பா’ன்னேன். ‘பாக்கப் போறவன் அப்படிலாம் கேக்கக் கூடாது, சாருக்கு இன்னா வேலையோ’ன்னாரு. அடுத்த மாசத்துக்கு ஆவும்னு மடிச்சி வெச்சிட்டாரு. அதான் இதையே போட்டோம்.”

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, “என்னைப் பத்தி வீட்டுல சொல்லுவாரா?” என்று கேட்டேன்.

“சொல்லுவாரு சார். மொத நாள் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நீங்க எங்க பாத்தியில வந்து உப்பை அள்ளினதையும், அந்தக் கையாலயே கதவைச் சாத்துனதையும் அவரு அங்கயே நின்னு பாத்துக்கினு இருந்தாராமே. ‘அப்பவே சொல்ல வேண்டியதுதானப்பா’ம்போம். ‘பத்து பேர் முன்னாடி சொன்னா சாரு மொகத்தை எங்க வெச்சிக்குவாரு? என் கை இல்லன்னு காமிச்சேன், அது போதும்’பாரு.”

ஆக, முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மாதாமாதம் வந்து, கிட்ட வரலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறார்.

“தொடலாமாம்மா?” என்று கேட்டேன்.

“தொடுங்க சார்.”

பெட்டியின் கண்ணாடிமேல் குளிரில் நீர் பூத்திருந்தது. அவருடைய மார்புக்கு நேராக என் வலது கையை வைத்தேன். எடுத்தபோது ஐந்து விரலும் உள்ளங்கையும் கண்ணாடியில் பதிந்திருந்தன. அந்தக் கையின் வழியே உள்ளே இருந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது.

“இது என் கைதாங்க, கன்னியப்பன். போய்ட்டு வாங்க,” என்றேன்.

சுற்றிலும் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.